பால்சுறாவும் கோரைக்கிழங்கும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்பாடசாலையில் படித்து மருத்துவத்துறைக்குப் போனவர்கள் சார்பில் பயனுள்ள ஒரு விடயத்தைப் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. நீரிழிவு, குருதியமுக்கம், முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றிக் கிளினிக்கில் நாங்கள் ஒவ்வொரு நாளும் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு மீனையும் ஒரு களைப் புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மீன், எல்லோருக்கும் தெரிந்த பால்சுறா. புல், அதைவிட நன்றாகத் தெரிந்த கோரை.

இரண்டுக்கும் என்ன பொருத்தம் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒன்று கடலில் நீந்துவது, மற்றது வாய்க்கால் கரையிலும் வயல் வரம்பிலும் முளைப்பது. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் இரண்டும் சந்திக்கின்றன. பால் சுரக்க வேண்டும் என்று தாய்க்குச் சுறா வறை கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். கோரையின் கிழங்கோ, தாய்ப்பாலைத் தூய்மையாக்கும் மூலிகைகளில் ஒன்றாகச் சரக சங்கிதையிலேயே எண்ணப்பட்டிருக்கிறது. வடமொழியில் அதன் பெயர் முஸ்தா. எமது சித்த மருத்துவர்கள் முத்தக்காசு என்பார்கள். சிங்கள மக்கள் கலாந்துறு என்று சொல்லி மருந்துக்கு எடுப்பதும் இதே கிழங்கைத்தான். ஆகவே ஒன்று பாலைப் பெருக்க, மற்றது பாலைத் திருத்த. இந்த நம்பிக்கைகளில் எவ்வளவு உண்மை, இன்றைய தாய்க்கு நாம் என்ன சொல்ல வேண்டும் என்பதே இந்தப் பேச்சு.

முதலில் சுறாவைப் பார்ப்போம். பால்சுறாவை அறிவியல் உலகுக்கு 1837இல் விவரித்தவர் ஜேர்மனியரான எடுவார்ட் ரூப்பெல். அவருக்குக் கிடைத்த மீன் செங்கடலில் பிடிபட்டது. அதன் அறிவியற் பெயர் ரைசோபிரியொனோடொன் அக்கியூட்டஸ். வாயில் நுழையாத பெயர்தான். கிரேக்கத்தில் ரைசா என்றால் வேர், பிரியொன் என்றால் வாள், ஓடொன் என்றால் பல். கடல்மீனின் பெயரில் வேர் ஒளிந்திருப்பது, கோரையோடு சேர்த்துப் பேச வந்த எங்களுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது. ஆங்கிலத்திலும் இதற்குப் ‘பால் சுறா’ என்றே பெயர். தாய்க்குப் பால் சுரக்க வைக்கும் என்ற இந்தியக் கரையோர மக்களின் நம்பிக்கையிலிருந்து அந்தப் பெயர் போனது.

இது பெரிய சுறா அல்ல. வளர்ந்த மீன் பெரும்பாலும் ஒரு மீற்றரளவில் நின்றுவிடும். ஆழங்குறைந்த கரையோரக் கடலும் மணல் அடித்தளமும் இதற்குப் பிடிக்கும். சிறு மீன்கள், கணவாய், இறால், நண்டு இதன் உணவு. எல்லாச் சுறாக்களையும் போல உடலில் ஓர் எலும்பு கிடையாது, முழுவதும் கசியிழையம். தோலை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் அரத்தாள் போலக் கையை அராவும். காரணம், தோலில் இருப்பவை எங்கள் பல்லைப் போன்ற அமைப்புடைய நுண்செதில்கள்.

இன்னொரு விடயம் மருத்துவர்களை வியக்க வைப்பது. எங்கள் குருதியில் யூரியா லீற்றருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 7.5 மில்லிமோல் வரை இருக்கும். அது 30ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு என்ன நடந்தது என்று நாங்கள் ஓடுவோம். கடலில் வாழும் சுறாக்களின் குருதியிலோ அது 300ஐயும் தாண்டும். உப்புக் கடல் உடலின் நீரை உறிஞ்சிவிடாமல் இருக்கச் சுறா அந்த யூரியாவைத் தானாகவே தேக்கி வைத்திருக்கிறது. அதன் நச்சுத்தன்மை புரதங்களைக் கெடுக்காமல் காக்க இன்னொரு சேர்வையும் கூடவே வைத்திருக்கிறது. மீன் இறந்தபின் நுண்ணுயிர்கள் அந்த யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. சுறா கொஞ்சம் பழுதானாலும் மூக்கைத் துளைக்கும் வாடை அதுதான். எங்கள் அம்மம்மாமார் சுறாவை அவித்து, தோல் உரித்து, தசையை உதிர்த்து, தண்ணீர் போகப் பிழிந்து, அதன்பிறகே தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு சேர்த்து வறுத்தார்கள். யூரியா நீரில் நன்றாகக் கரையும், பிழிந்த நீரோடு போய்விடும். இரசாயனம் படிக்காத குசினியில் இரசாயனம் சரியாகவே நடந்திருக்கிறது.

இனிக் கோரை. கோரைக் குடும்பத்தில் உலகில் ஏறத்தாழ 5,500 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஈரநிலத்தை விரும்புபவை. எகிப்தியர் எழுதுவதற்குத் தாள் செய்த பப்பிரசு இந்தக் குடும்பம். கிழக்கு மாகாணத்தில் பாய் இழைக்கும் பன்னும் இந்தக் குடும்பம். புல்லையும் கோரையையும் பிரித்தறிய வழி சுலபம். தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருளும். கோரைத் தண்டு முக்கோணமானது, மூலை தட்டும்.

சேற்றுக்குள் ஒட்சிசன் மிகக் குறைவு. சாதாரண வேர் அங்கே மூச்சடைத்து அழுகும். சேற்றில் நிற்கும் கோரை இனங்கள் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் வைத்து, மேலிருக்கும் காற்றைக் கீழே வேர் நுனிவரை கொண்டுபோகின்றன. சுறா கடலின் உப்பைச் சமாளிக்க நஞ்சைத் தன்னுள்ளே தேக்கிப் பழகியது. கோரை சேற்றின் மூச்சடைப்பைச் சமாளிக்க வெளிக்காற்றை உள்ளே வரவழைக்கப் பழகியது. வாழக் கடினமான இடத்தில் நிலைத்திருக்க இரண்டும் கண்ட வழிகள் வேறு வேறு.

நாங்கள் இன்று பேசும் கோரைக்கிழங்கின் அறிவியற் பெயர் சைப்பரஸ் ரொட்டுண்டஸ். ஈர நிலத்தில் மட்டுமல்ல, தண்ணீர் இறைக்கும் வெங்காயத் தோட்டத்திலும் செழிக்கும். 90க்கும் மேற்பட்ட நாடுகளில், 50க்கும் மேற்பட்ட பயிர்களில் இது களை. உலகின் மிக மோசமான களை என்றே களையியலாளர்கள் இதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். விதையால் இது அதிகம் பரவுவதில்லை. மண்ணுக்குள் கம்பி போன்ற கிடைத்தண்டு ஓடும், அதில் ஒரு கிழங்கு, அதிலிருந்து இன்னொரு தண்டு, இன்னொரு கிழங்கு என்று சங்கிலியாகப் போகும். அந்தச் சங்கிலி முழுதாக இருக்கும்வரை முன்னால் உள்ள அரும்பு வளரும், மற்ற அரும்புகள் பல உறங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் சங்கிலியை வெட்டினால் உறங்கிய அரும்புகள் விழித்துக்கொள்ளும். ஒன்றாக இருந்தது பத்தாகும். தோட்டம் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டும் தங்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்கின்றன என்று பார்த்தால்தான் ஒப்பீட்டின் பயன் தெரியும்.

மீன் என்றால் முட்டையிடும் என்று நாம் பொதுவாக நினைப்போம். பால்சுறா குட்டி போடும். தாயின் வயிற்றில் கரு முதலில் மஞ்சட்கருவை உண்டு வளரும். அது தீர்ந்ததும் அந்த மஞ்சட்கருப்பையே கருப்பையின் சுவரோடு ஒட்டிச் சூல்வித்தகமாக மாறும். எங்கள் ஊரில் நஞ்சுக்கொடி என்பதுதான் அது. அதிலிருந்து குட்டிக்குத் தொப்புள்நாண் போகும். சில சுறாக்களுக்கு இப்படித் தொப்புள்கொடி உண்டு என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே அரிஸ்ரோட்டில் எழுதியிருந்தார். பலர் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் உடலியலாளர் ஜொகான்னஸ் முல்லர் அதை மெய்ப்பித்தார். பால்சுறா ஓராண்டளவு சுமந்து பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகளை ஈனும். பிறக்கும்போது குட்டி ஏறத்தாழ ஓர் அடி நீளம், வாய் நிறையப் பல். அந்த நிமிடத்திலிருந்து அது தனியே போகும். தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. பால்சுறா என்று பெயர், ஆனால் ஒரு துளி பாலும் அது கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டியதெல்லாம் பிறப்பதற்கு முன்னரே கொடுத்து முடித்துவிட்டது.

கோரை அதற்கு நேர்மாறு. தாய்க்கிழங்கு பிள்ளைக்கிழங்கை ஈன்ற பின்னும் கொடியை வெட்டுவதில்லை. மாவும் நீரும் அந்தத் தண்டு வழியே போய்க்கொண்டிருக்கும். யாராவது வெட்டினால்தான் பிரிவு.

மனிதத் தாய் இந்த இரண்டு வழியிலும் இல்லை. சுறாவைப் போல வயிற்றில் கொடியால் ஊட்டுகிறாள். பிறந்ததும் அந்தக் கொடியை நாங்கள் வெட்டுகிறோம். ஆனால் எங்கள் குழந்தை சுறாக்குட்டியைப் போல நீந்திப் போகும் நிலையில் பிறப்பதில்லை. ஆகவே பிறந்த முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே மார்பில் போடச் சொல்கிறோம். வெட்டிய கொடிக்குப் பதிலாக இரண்டாவது கொடி அங்கே தொடங்குகிறது. அந்தக் கொடி தசையாலோ நரம்பாலோ ஆனதல்ல. பிள்ளை பசித்து அழுவதும் தாய் எடுத்து அணைப்பதும் சேர்ந்துதான் அது உருவாகிறது. அதனால் இலகுவில் அறுந்தும் போகும்.

பால் எப்படிச் சுரக்கிறது? பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளையடியிலிருக்கும் கபச்சுரப்பி புரொலக்ரினைச் சுரக்கும், அது பாலை உண்டாக்கும். ஒக்சிற்றோசின் என்ற ஓமோன் அந்தப் பாலை வெளியே தள்ளும். மார்பு வெறுமையாகும்தோறும் பால் ஊறும், நிறைந்தபடி விட்டால் குறையும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, இரவிலும்கூட, பிள்ளை கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் பெரும்பாலான தாய்மாருக்குப் பால் போதும். பால் சுரப்பதற்கான கட்டளை தாயின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து வருவதில்லை. பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது.

அப்படியானால் சுறா வறை பொய்யா? பாலைச் சுரக்க வைக்கும் தனிப்பொருள் எதுவும் சுறாத் தசையில் கண்டறியப்படவில்லை. ஆனால் பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும், புரதமும் கூடுதலாக வேண்டும். முன்பெல்லாம் வீட்டில் மீன் வந்தால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டு மிஞ்சியதுதான் பெண்ணுக்கு. பிள்ளை பெற்ற வீட்டில் மட்டும் ‘இது தாய்க்கு’ என்று ஒரு மீன் தனியாக வந்தது. முள்ளில்லாத தசை, எளிதில் சமிக்கும், பக்கத்தில் இருந்து ஊட்டிவிட மாமியோ அம்மாவோ இருந்தார்கள். 31 நாள் துடக்கு என்ற பெயரில் அடுப்படி வேலையிலிருந்து விடுதலையும் கிடைத்தது. பாலைப் பெருக்கியது சுறா அல்ல, அந்த வறையைச் சமைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்த ஆள் என்பது எங்கள் கருத்து.

மகப்பேற்று விடுதிகளிலும் கிளினிக்குகளிலும் நாங்கள் இன்று காண்பது வேறு. சுறா வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். ஆனால் தாய் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும் என்பாள். பத்தியம் என்று மரக்கறியைக் குறைப்பார்கள், வயிறு பெருக்கும் என்று தண்ணீரையும் குறைப்பார்கள். மூன்றாம் நாள் பிள்ளை அழுதால் ‘உனக்குப் பால் காணாது’ என்று வீட்டில் ஒருவர் சொல்வார். அந்த ஒரு சொல்லே போதும். அவள் பயப்படுவாள், பயத்தில் ஒக்சிற்றோசின் தடைப்படும், பால் இறங்காது, பிள்ளை இன்னும் அழும், பால்மாப் பெட்டி வீட்டுக்கு வரும். பெட்டி வந்தபின் பிள்ளை மார்பைத் தேடுவது குறையும், பாலும் குறையும். ‘அப்பவே சொன்னேன்’ என்று அந்த ஒருவர் மறுபடி சொல்வார்.

எம்மில் பலர் இந்தச் சீருடையில் இருந்த காலத்தில், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. கைக்குழந்தைகளோடு நடந்த தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு அன்று சுறாவும் இல்லை, சரக்கும் இல்லை, கஞ்சி கிடைத்தால் பெரிய காரியம். ஆனாலும் மரநிழலிலும் பாடசாலை மண்டபங்களிலும் இருந்து பாலூட்டினார்கள். தாய் ஓரளவு மெலிந்தாலும் அவளது உடல் தன் சேமிப்பைக் கரைத்துப் பிள்ளைக்குப் பாலைக் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளைகள் இன்று 30 வயதைத் தொட்டவர்கள். தாயின் உடலை நம்பலாம் என்பதற்கு எமக்கு வேறு பாடநூல் தேவையில்லை. ஆனால் அந்தச் சேமிப்பு அவளுடைய எலும்பிலிருந்தும் குருதியிலிருந்தும் போனது என்பதையும் மறக்கக்கூடாது. அவளால் முடியும் என்பது அவளைப் பட்டினி போடுவதற்குக் காரணம் ஆகாது.

இலங்கையில் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுவதாக 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீடு காட்டியது. உலகில் பெருமைப்படக்கூடிய நிலை. வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு அதில் பெரும் பங்குண்டு. இதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்.

நடைமுறைக்கு வருவோம். பெரிய சுறாக்கள் பல ஆண்டுகள் வாழ்ந்து சிறு மீன்களை உண்பவை. அவற்றின் தசையில் பாதரசம் சேரும். அது வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கெடுதி. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி பல நாடுகள் அறிவுறுத்துகின்றன. வெட்டி விற்கும் துண்டைப் பார்த்து அது பால்சுறாவா பெரிய சுறாவா என்று சொல்வது இலகுவல்ல. ஆகவே எங்கள் ஆலோசனை இது: சுறாவுக்குப் பதிலாகச் சூடை, நெத்தலி, கீரி, சாளை கொடுங்கள். விலை குறைவு, புரதம் குறையாது, பாதரசம் மிகக் குறைவு, முள்ளோடு உண்ணும் சிறு மீனில் கல்சியமும் உண்டு. அதோடு முட்டை, பருப்பு, முருங்கையிலை, மரக்கறி. தாகத்துக்குத் தண்ணீர். வறைதான் வேண்டுமென்றால் வேறு மீனிலும் வறுக்கலாம், அம்மம்மாவின் கைப்பக்குவம் மாறாது.

கோரைக்கிழங்கு நல்ல வாசனை உள்ளது, நலங்குமாவில் சேருவது. குளியலுக்கு அது நல்லது. குடிநீராகக் குடிப்பதென்றால் தகுதியுள்ள சித்த மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள், உங்கள் வைத்தியருக்கும் சொல்லுங்கள். பாலைத் தூய்மையாக்க எந்தக் கிழங்கும் தேவையில்லை, சீம்பால் உட்பட முதல் துளியிலிருந்தே அது தூய்மையானது. பிள்ளைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதையும் புகட்ட வேண்டாம். பால் போதுமா என்ற சந்தேகம் வந்தால் அயலாரைக் கேட்க வேண்டாம். பிள்ளை நன்றாகச் சலம் போகிறதா, நிறை ஏறுகிறதா என்று பாருங்கள். நிறை ஏறவில்லையென்றால் தாமதிக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எங்களிடமோ வாருங்கள்.

சுறாவைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எத்தனை தரம் வெட்டினாலும் கோரை திரும்பி வரும். ஓராண்டு சுமந்து நான்கைந்து குட்டி ஈனும் மீனை அந்த வேகத்தில் பிடித்தால் அது திரும்பி வராது. பால்சுறா இன்று அழியும் ஆபத்தை எதிர்நோக்கும் உயிரினங்களின் செம்பட்டியலில் இருக்கிறது. 2022இல் பனாமாவில் கூடிய நாடுகள் அதன் குடும்பம் முழுவதையும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. எம் பிள்ளைகளை வளர்ப்பதற்காக இன்னொரு தாயின் குட்டிகளை இல்லாமலாக்கத் தேவையில்லை.

இறுதியாக, நூறு வயதான எமது பாடசாலையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே எம் ஆசிரியைகள் எங்களை வளர்த்தது சுறாவின் வழி. ஒவ்வொருவராக, நீண்ட காலம் சுமந்து, பல்லும் பலமும் வந்தபிறகே கடலில் விட்டார்கள். பின்னர் நாங்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் வன்னியிலும் கொழும்பிலும் முளைத்தது கோரையின் வழி. எம் சங்கிலியை வெட்டிய மண்வெட்டிக்கு நாங்கள் நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் வெட்டுப்பட்ட இடங்களிலெல்லாம் ஓர் அரும்பு விழித்தது என்பது உண்மை.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் இன்று அம்மம்மாமார், மாமிமார், பெரியம்மாமார். அடுத்த பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போகும்போது பிள்ளைக்குச் சட்டை கொண்டு போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் முகம் பார்க்கும் முன் தாயின் முகத்தைப் பாருங்கள். ‘பால் காணுமோ?’ என்று கேட்காதீர்கள். ‘நீ சாப்பிட்டியா, பிள்ளை?’ என்று கேளுங்கள். சாப்பிடவில்லை என்றால், பேச்சை நிறுத்திவிட்டுக் குசினிக்குப் போங்கள்.